முன்னால் நிற்கும் பெயர்

பதினோராம் வகுப்பு கணினி அறிவியலைத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 'கிளாஸ்' என்பது 'இனக்குழு'. ஆப்ஜெக்ட் 'பொருள்'. இன்ஹெரிட்டன்ஸ் 'மரபுரிமம்'. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் உடுமலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் படித்தவன். அவன் இதைச் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. சங்க இலக்கியம் பற்றி நம் மார்க்சிய விமர்சகர்கள் எழுதியதைக் கொஞ்சம் புரட்டியவர்களுக்குக்கூட இனக்குழு என்றதும் ஆநிரை கவர்தலும் வேட்டையும் பாதீடும்தான் ஞாபகம் வரும். சி++ வராது.

சிரித்து முடித்தபிறகு யோசித்தால், வேறு என்னதான் வைத்திருக்க முடியும்? வகுப்பு என்றால் பள்ளிக்கூடம், அதற்கும் முன்னால் வகுப்புவாரி உரிமை. வர்க்கம் என்றால் கொடி பிடிக்க வேண்டும். இனம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆட்களை வகைபிரிக்கும் எந்தச் சொல்லை எடுத்தாலும் நம்மூரில் அதன்மேல் ஓர் அரசாணையோ ஒரு சண்டையோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே இனக்குழு இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு இடறுவது மற்ற சொல். மரபுரிமம். அதற்குள் 'உரிமை' உட்கார்ந்திருக்கிறது.

நான் பத்துப் பன்னிரண்டு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். கடந்த நாலைந்து வருடமாக நேர்காணலும் எடுக்கிறேன். இன்ஹெரிட்டன்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் ஒரே பதில் வரும். 'அப்பாவோட சொத்து பையனுக்கு வர்ற மாதிரி, பேரன்ட் கிளாஸோட ப்ராப்பர்ட்டீஸ் சைல்ட் கிளாஸுக்கு வரும்.' ப்ராப்பர்ட்டி என்ற சொல்லில் இருக்கும் சிலேடை இந்தப் பதிலுக்கு ரொம்ப வசதி. அடுத்து, விலங்கு ஒரு கிளாஸ், நாய் அதன் பிள்ளை, பூனை இன்னொரு பிள்ளை. விலங்கு சத்தம் போடும். நாய் குரைக்கும். பூனை மியாவ் என்னும். தமிழ்வழியோ ஆங்கிலவழியோ, எந்தக் கல்லூரியோ, நாயும் பூனையும் மாறுவதில்லை. யாரும் இந்தப் பதிலைத் தப்பு என்று சொல்லி மதிப்பெண் குறைத்ததில்லை. நானும் குறைப்பதில்லை. ஆனால் இந்தப் பதிலோடு வேலைக்கு வருகிறவர் எழுதும் கோடில் ஒரு குறிப்பிட்ட வகைச் சிக்கல் வரும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர் 'பிள்ளைக்கு என்ன கிடைக்கும்' என்ற பக்கத்திலிருந்தே பார்க்கப் பழகியிருக்கிறார்.

இந்த யோசனை பிறந்த இடத்தில் அப்பாவும் இல்லை, சொத்தும் இல்லை, நாயும் இல்லை. ஒரு பாலமும் சுங்கச்சாவடியும் இருந்தன.

ஒஸ்லோவில் நார்வே கணக்கிடும் மையத்தில் ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நைகார்ட் என்று இருவர். நிஜ உலகில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்காக, அதாவது சிமுலேஷனுக்காக, சிமுலா என்ற மொழியை உருவாக்கியவர்கள். 1966க்கும் 67க்கும் இடையிலான குளிர்காலத்தில் அவர்கள் மண்டையைக் குடைந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, சுங்கச்சாவடியில் காத்து நிற்கும் வண்டி வரிசை. வரிசையில் லாரி வரும், பஸ் வரும், கார் வரும். லாரிக்கு எடை முக்கியம், பஸ்ஸுக்குப் பயணிகள் எண்ணிக்கை முக்கியம். ஆனால் வரிசைக்கு இதெல்லாம் தெரியத் தேவையில்லை. முன்னால் நிற்பது யார், பின்னால் நிற்பது யார், இது நகர்ந்தால் அடுத்தது எது என்பது தெரிந்தால் போதும். லாரிக்கு ஒரு வரிசை, பஸ்ஸுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக எழுதாமல் எல்லா வண்டிக்கும் ஒரே வரிசையை எப்படி எழுதுவது?

ஆங்கிலேயக் கணினியியலாளர் டோனி ஹோர் அப்போது தரவுப் பதிவுகளை வகை, உள்வகை என்று பிரிப்பது பற்றி எழுதியும் பேசியும் வந்தார். அதிலிருந்து ஒரு பொறி கிடைத்தது. 'லிங்க்' என்று ஒரு கிளாஸ் எழுதினார்கள். வரிசையில் கோக்கப்படுவதற்கு என்ன வேண்டுமோ அது மட்டும் அதற்குள் இருக்கும். பிறகு கார் என்ற கிளாஸை எழுதும்போது அந்தப் பெயரை முன்னால் போட்டார்கள். 'லிங்க் கிளாஸ் கார்.' கம்பைலர் லிங்க்கின் உறுப்புகளை முதலில் அடுக்கி, காரின் சொந்த உறுப்புகளை அதன் பின்னால் ஒட்டிவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் பிரிபிக்ஸ். முன்னொட்டு.

இதை முதன்முதலாகப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்னால் ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு அதன் பின்னால் தன் பெயரை எழுதுவது உலகத்தில் பலருக்கும் வினோதமாகத் தெரியும். நமக்குத் தெரியாது. அது நம் இனிஷியல். பாஸ்போர்ட் படிவத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தின் முன்னால் ஒவ்வொரு தமிழரும் விழித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணமான அதே ஏற்பாடு.

போகிற போக்கில் ஒன்று. 'கிளாஸை' உருவாக்கிய அந்த நைகார்ட், 1970களில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குள் கணினி வரும்போது அதைப் பற்றி முடிவெடுப்பதில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்று. கிளாஸ் என்ற சொல்லின் இரண்டு அர்த்தத்திலும் வேலை பார்த்த மனிதர். டாலுக்கும் அவருக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது சேர்ந்து கிடைத்தது. 2002இல் சில வாரங்கள் இடைவெளியில் இருவரும் இறந்துபோனார்கள்.

வரிசைக்குத் திரும்புவோம். லிங்க்கால் காருக்கு லாபம் இருக்கிறது, வரிசையில் நிற்கத் தேவையான கோடை மறுபடி எழுத வேண்டாம். ஆனால் யோசனை பிறந்தது வரிசையின் தேவையிலிருந்து. 'உள்ளே வருவது யாராக இருந்தாலும் லிங்க் மாதிரி நடந்துகொள்ளும்' என்று நம்பி வரிசையை ஒரே ஒருமுறை எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம். பாடநூல் பெற்றோரையும் பிள்ளையையும் மட்டும் படம் போட்டு நடுவில் ஓர் அம்புக்குறி வரைகிறது. இந்த விவகாரத்தில் மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறார், அந்தக் கிளாஸைப் பயன்படுத்துகிறவர். அவர் படத்திலேயே இல்லை.

அந்த மூன்றாவது ஆள் எப்படி நம்புகிறார் என்பதற்கு இயந்திரத்தின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், சின்ன விஷயம்தான். ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் மடியில் ஒரு சீட்டை முடிந்து வைத்திருக்கிறது. தான் எந்தக் கிளாஸைச் சேர்ந்தது, அந்தக் கிளாஸில் எந்த வேலைக்கு எந்த நிரல்துண்டு ஓட வேண்டும் என்ற அட்டவணைக்கு வழிகாட்டும் சீட்டு. 'ரத்துசெய்' என்று ஒருவர் கூப்பிடுகிறார். கோடை எழுதும்போது அவருக்கு எதிரில் இருப்பது 'டிக்கெட்' என்று மட்டும் தெரியும். நிரல் ஓடும்போது ஆப்ஜெக்ட் தன் சீட்டைப் பார்க்கிறது. தன் கிளாஸிலேயே அந்த வேலையைத் தனியாக எழுதியிருந்தால் அது ஓடும். இல்லாவிட்டால் பெற்றோருடையது ஓடும். கூப்பிட்டவருக்கு எது ஓடியது என்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. ஆபத்தும் அதுதான்.

ரத்துசெய் என்ற உதாரணத்தைச் சும்மா எடுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்பு நான் இருந்த நிறுவனத்தில் ஆம்னி பஸ் முன்பதிவு மென்பொருள் எங்கள் கையில் இருந்தது. 'டிக்கெட்' என்று ஒரு கிளாஸ். அதில் 'ரத்துசெய்' என்று ஒரு மெத்தட். சீட்டை விடுவிக்கும், பணத்தைத் திருப்பி அனுப்பும், எஸ்எம்எஸ் போடும். பிற்பாடு பண்டிகைக் காலச் சிறப்புக் கட்டணம் வந்தது. அந்த டிக்கெட்டை வாங்கினால் ரத்து கிடையாது. அந்த வேலையைச் செய்தவர் 'பண்டிகை டிக்கெட்' என்ற பிள்ளைக் கிளாஸை எழுதி, ரத்துசெய் என்று கூப்பிட்டால் 'இந்த டிக்கெட்டை ரத்து செய்ய இயலாது' என்று எக்ஸப்ஷன் எறியும்படி வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரத்து கூடாது என்றார்கள், கூடாது என்று எழுதினார். கம்பைலர் ஏற்றுக்கொண்டது. டெஸ்ட் எல்லாம் பச்சை. நாலு வருடம் ஓடியது. அவர் வேறு வேலைக்குப் போயும் ரொம்ப நாளாகிவிட்டது.

ஒரு பொங்கலுக்கு முந்தின இரவு கோவையிலிருந்து கிளம்ப வேண்டிய பஸ் ஒன்று ஷெட்டிலேயே படுத்துவிட்டது. மாற்று பஸ் இல்லை. அலுவலக ஊழியர் 'பயணத்தை ரத்து செய்' என்ற பொத்தானை அமுக்கினார். அதன் பின்னால் இருந்த கோடு எளிமையானது. இந்தப் பயணத்தின் எல்லா டிக்கெட்டையும் எடு, ஒவ்வொன்றாக ரத்துசெய். அதை எழுதியவர் வேறொருவர். 'டிக்கெட் என்றால் ரத்தாகும்' என்று நம்பி எழுதியவர். முதல் பதினோரு பேருக்குப் பணம் போனது. பன்னிரண்டாவது ஒரு பண்டிகை டிக்கெட். எக்ஸப்ஷன். அதோடு வட்டம் அறுந்தது. பின்னால் இருந்தவர்களில் சாதாரண டிக்கெட் வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் போகவில்லை. பஸ் இல்லை என்ற எஸ்எம்எஸ்கூடப் போகவில்லை.

அன்றைக்கு இரவுப் பணியில் இருந்தது நான். வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஓர் அழைப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள். குழந்தையோடு நிற்கும் ஒரு பெண். அவர் கத்தவில்லை. 'பக்கத்து சீட்டுக்காரருக்குப் பணம் வந்துருச்சுங்க. எனக்கு ஏன் வரல? ரெண்டு பேரும் ஒரே பஸ்தானுங்களே?'

நான் படித்த எந்தப் புத்தகமும் விஷயத்தை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ரெண்டு பேரும் ஒரே பஸ். அவர் கையில் இருப்பதும் டிக்கெட், பக்கத்தில் இருப்பவர் கையில் இருப்பதும் டிக்கெட். டிக்கெட் என்ற பெயரைப் போட்டு விற்றுவிட்டு, உள்ளே இது வேறு ரகம் என்று சொன்னால் அது விற்றவர் பிரச்சினை, வாங்கியவருடையது அல்ல. 'பயணி தானாக ரத்து செய்ய முடியாது' என்பது நிறுவனம் போட்ட விதி. 'நிறுவனமே பஸ்ஸை நிறுத்தினாலும் ரத்தாகாது' என்று யாரும் விதி போடவில்லை. ஆனால் கோடு அப்படித்தான் சொன்னது. அன்று இரவு மீதிப் பேருக்குக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பணம் அனுப்பி முடிக்க மணி மூன்றாகிவிட்டது. அனுப்பினால் என்ன, அந்தப் பெண் பொங்கலுக்கு ஊர் போய்ச் சேர்ந்தாரா என்பது தெரியாது. பணம் திரும்ப வந்தது பஸ் வந்ததாகாது.

இந்தப் பிரச்சினைக்கு ஒரு பெயர் உண்டு. பார்பரா லிஸ்கோவ் என்ற அமெரிக்கக் கணினியியலாளர் 1987இல் ஊப்ஸ்லா மாநாட்டில் ஆற்றிய உரையில் இதை வைத்தார். 1994இல் ஜெனட் விங்கோடு சேர்ந்து கறாரான கணிதமாக எழுதினார். 2008ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்கு. ஏட்டில் சூத்திரங்களாக இருப்பதை வீட்டுப் பேச்சில் இப்படிச் சொல்லலாம்: அம்மா கேட்டதைவிட அதிகமாகப் பிள்ளை கேட்கக் கூடாது, அம்மா கொடுத்ததைவிடக் குறைவாகப் பிள்ளை கொடுக்கக் கூடாது. அம்மாவை நம்பி வந்தவர் முன்னால் பிள்ளையை நிறுத்தினால் அவர் ஏமாறக் கூடாது. பிள்ளை கூடுதலாக என்ன வித்தை காட்டினாலும் அது அவர் பாடு.

கம்பைலரால் இதைப் பிடிக்க முடியாது. அது பார்ப்பது வடிவத்தை. மெத்தட்டின் பெயர் சரியா, எத்தனை உள்ளீடு, என்ன வகை திரும்ப வருகிறது, அவ்வளவுதான். நடத்தையை அதற்குப் பார்க்கத் தெரியாது. ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சொல்கிறவர் மாதிரி. பத்துக்கு ஒன்பது பொருந்தும். அப்புறம் நடப்பது வேறு.

இதை எனக்குப் புரியவைத்ததில் பாதிப் பங்கு எங்கள் வீட்டுக்கு உண்டு.

அப்பா பொள்ளாச்சிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், போர் மோட்டார். காயில் எரிந்தால் பழைய செம்புக்கம்பியை உருவி எறிந்துவிட்டு, எத்தனை சுற்று, என்ன தடிமன் என்று கணக்குப் பார்த்துப் புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தர வேண்டும். தோட்டத்துக்காரர்களுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் மோட்டார் ஓடாவிட்டால் தென்னைக்குத் தண்ணீர் இல்லை. ஆகவே ராத்திரி ஒரு மணிக்குக்கூட டெம்போவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருவார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. ஷட்டரைத் தட்டினால் அப்பா எழுந்து வருவார். எந்தப் பலகையிலும் 'இரவிலும் பார்க்கப்படும்' என்று எழுதியிருக்கவில்லை. யாரிடமும் அவர் வாக்குக் கொடுத்ததுமில்லை. செய்துகொண்டே இருந்தார், அது வாக்காகிவிட்டது.

அப்பா போனபிறகு கடை அண்ணனுக்கு. நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் எனக்குச் சொந்தக் கணக்குகள் உண்டு, இந்தக் கட்டுரைக்கு அவை வேண்டாம். அண்ணன் நன்றாகத் தொழில் தெரிந்தவன், அப்பாவைவிடச் சுத்தமாகக் காயில் கட்டுவான். ஆனால் ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவான். செல்போனை அணைத்துவிடுவான். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு, அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பலகையில் அப்பா பெயர். பெயருக்குக் கீழே 'அண்ட் சன்'.

ஒருமுறை நான் ஊரில் இருந்தபோது நடுராத்திரி ஒருவர் வந்து ஷட்டரைத் தட்டினார். அண்ணன் எழுந்து போய்க் காலையில் வரச் சொன்னான். அவர் சண்டை போடவில்லை. 'உங்கப்பாரு இருந்தா பார்த்திருப்பாருங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு டெம்போவைத் திருப்பினார். உள்ளே வந்த அண்ணனுக்குக் கோபம். 'நான் எப்பச் சொன்னேன் ராத்திரி கட்டித் தர்றேன்னு? அவரு செஞ்சா நானும் செய்யணுமா?'

சட்டப்படி அவன் சொல்வது சரி. அவன் அப்பாவிடமிருந்து பெற்றது கடை, கருவிகள், ஒரு மூட்டை செம்புக்கம்பி. வாக்கு எந்தப் பத்திரத்திலும் இல்லை. அப்பன் பட்ட கடனுக்குப் பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பிடிக்கும் பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டைக்கூட, புதிய கடன்களைப் பொறுத்தவரை, 2005 வாரிசுரிமைத் திருத்தம் எடுத்துவிட்டது. ஆனால் டெம்போக்காரர் வாரிசுரிமைச் சட்டம் படித்துவிட்டு வரவில்லை. பலகையைப் படித்துவிட்டு வந்தார். அண்ணன் தன் பெயரை மட்டும் போட்டுப் புதுப்பலகை மாட்டியிருந்தால் அந்த மனிதர் நடுராத்திரி வந்திருக்க மாட்டார், அல்லது கேட்டுவிட்டு வந்திருப்பார். பெயரை மாற்றினால் வாடிக்கை போய்விடும் என்று அண்ணனுக்குத் தெரியும். அவனுக்குப் பெயர் வேண்டும், அந்தப் பெயரோடு ஒட்டிய நடத்தை வேண்டாம்.

ஜாவா மொழியிலும் இப்படி ஒரு கடை இருக்கிறது. 1996இல் வந்த முதல் பதிப்பிலேயே 'ஸ்டாக்' என்று ஒரு கிளாஸ். மெஸ்ஸில் எவர்சில்வர் தட்டு அடுக்குகிற மாதிரி, கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். இதை எழுதும்போது, ஏற்கெனவே கையில் இருந்த 'வெக்டர்' என்ற பட்டியல் கிளாஸைப் பெற்றோராக வைத்துக்கொண்டார்கள். சேமித்து வைக்கும் வேலையெல்லாம் அதில் தயாராக இருந்தது, சும்மா கிடைக்கும். கிடைத்தது. கூடவே, வெக்டரால் முடிந்த மற்ற எல்லாமும் வந்து சேர்ந்தன. நடுவில் செருகலாம். அடியிலிருந்து உருவலாம். தட்டு அடுக்கின் நடுவில் கை விட்டு ஒன்றை இழுத்தால் அதற்குப் பெயர் அடுக்கா? இத்தனை வருடமாகியும் மாற்ற முடியவில்லை. மாற்றினால் இதை நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்கள் உடையும். ஆகவே ஸ்டாக் பற்றிய ஆவணத்திலேயே, இதைவிட 'டெக்' என்ற வேறொன்றைப் பயன்படுத்துவது நல்லது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தன் கடை வாசலிலேயே 'பக்கத்துக் கடைக்குப் போங்கள்' என்று பலகை.

விடுதலைப் பத்திரம் மாதிரி ஒன்று ஜாவாவில் கிடையாது. வெக்டரிடமிருந்து இது போதும், அது வேண்டாம் என்று ஸ்டாக்கால் எழுதிக் கொடுக்க முடியாது. எக்ஸ்டெண்ட்ஸ் என்று ஒரு சொல் எழுதினால் வெளியே தெரியும் எல்லாமும் உன்னுடையவை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. வாழ்க்கையில் பெற்றோர் போனபிறகுதான் பெரும்பாலும் சொத்து வரும். கோடில் பெற்றோர் சாவதில்லை. உயிரோடு இருந்து வருடாவருடம் மாறிக்கொண்டும் இருக்கிறார்கள். டிக்கெட் கிளாஸின் உள்ளே யாரோ ஒருவர் நல்ல நோக்கத்தோடு இரண்டு வரியை இடம் மாற்றுகிறார். அந்தக் கோப்பையே தொடாத ஏழு பிள்ளைக் கிளாஸ்களில் ஒன்று வியாழக்கிழமை இரவு வேறு மாதிரி நடக்கிறது. 'பலவீனமான அடிக்கிளாஸ்' என்று இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பதில் எங்கள் ஆட்களுக்குக் குறைச்சலே இல்லை.

இதனால்தான் 1994இல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலில் எரிக் காமாவும் மற்ற மூவரும், இன்ஹெரிட்டன்ஸைவிடக் கம்போசிஷனை முன்வைக்கச் சொன்னார்கள். கம்போசிஷன் என்றால், உறவு கொண்டாடாமல் வேலைக்கு வைத்துக்கொள்வது. ஸ்டாக் தன் வயிற்றுக்குள் ஒரு வெக்டரை ஒளித்து வைத்துக்கொண்டு, வெளியே தனக்குப் பிடித்த மூன்று நான்கு மெத்தட்டை மட்டும் காட்டியிருக்கலாம். கோ மொழியிலும் ரஸ்ட் மொழியிலும் கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே இல்லை. இன்னும் பின்னால் போனால், 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட்' என்ற பெயரைப் புழக்கத்தில் விட்ட ஆலன் கேயின் முதல் ஸ்மால்டாக்கில், 1972இல், அது இல்லை. 1976 பதிப்பில்தான் நுழைந்தது.

இதைக் கேட்டதும் இப்போது சிலர் இன்ஹெரிட்டன்ஸே பாவம் என்று பேசுகிறார்கள். இரண்டு வருட அனுபவம் உள்ளவர் நேர்காணலில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு 'நாங்க இன்ஹெரிட்டன்ஸ் யூஸ் பண்றதில்ல' என்கிறார், வெங்காயம் சாப்பிடுவதில்லை என்கிற தொனியில். எனக்கு அது பிடிப்பதில்லை. சுங்கச்சாவடி வரிசையில் லிங்க் செய்தது சரியான வேலை. ஆண்ட்ராய்டு ஆப்பில் திரைகளைத் தாங்கி நிற்பது 'ஆக்டிவிட்டி' என்ற கிளாஸின் பிள்ளை. போனில் இருக்கும் இயங்குதளத்துக்கு உங்கள் ஆப் என்னவென்றே தெரியாது. ஆனால் எப்போது எழுப்பலாம், எப்போது தூங்கவைக்கலாம் என்று தெரியும். அங்கே வாக்கு எழுத்தில் இருக்கிறது. மீறினால் அங்கேயே பிடிபடும். திரை உருவாகும்போது நீங்கள் எழுதும் மெத்தட்டில் பெற்றோருடைய மெத்தட்டையும் கூப்பிட மறந்தால் 'சூப்பரைக் கூப்பிடவில்லை' என்றே ஓர் எக்ஸப்ஷன் வந்து ஆப் செத்து விழும். பெரியவங்களக் கும்பிட்டுட்டு மத்த வேலையப் பாரு என்கிற கண்டிப்பு. கொஞ்சம் அதிகாரம்தான், ஆனால் ஒளிவுமறைவு இல்லை.

உடுமலைப் பையனிடம் இதையெல்லாம் இந்த வரிசையில் சொல்லவில்லை. இப்போது இருக்கும் நிறுவனத்திலும் பயணச்சீட்டுதான், தலையெழுத்து. அவனுக்குக் கொடுத்த முதல் வேலை 'மாணவர் சலுகை டிக்கெட்'. வழக்கம்போல டிக்கெட்டின் பிள்ளையாக ஒரு கிளாஸ் எழுதிக்கொண்டு வந்தான். அடையாள அட்டை எண் இல்லாவிட்டால் இடம் மாற்றும் மெத்தட் எக்ஸப்ஷன் எறிந்தது.

'இத யார் கூப்பிடுவாங்க?'

'மெயின் ஸ்க்ரீன்ல இருந்துங்க்கா.'

'வேற யாரு?'

யோசித்தான். 'தெரியலைங்க்கா. டிக்கெட்டுக்கு வர்றதெல்லாம் இதுக்கும் வரும்னுதான் புக்குல...'

'வரும். யார் யார் வருவாங்கன்னு தேடிப் பாரு.'

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேடினான். பதினாறு இடம் கிடைத்தது. அதில் ஒன்று, பெண் பயணிக்குப் பக்கத்து சீட்டைக் காலிசெய்ய இரவில் தானாக ஓடும் நிரல். அதற்கு அடையாள அட்டை எண் என்றால் என்னவென்றே தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்குத் தட்டும், பதில் சொல்ல ஆள் இருக்காது. அவன் அந்தப் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து, 'இத்தனை பேரு நம்பிட்டு இருக்காங்கன்னு தெரியாதுங்க்கா' என்றான்.

இருவரும் சேர்ந்து பிரித்தோம். டிக்கெட் ஒரே கிளாஸ், பிள்ளை கிடையாது. அதன் கையில் ஒரு 'கட்டண விதி', ஒரு 'ரத்து விதி'. மாணவர், பண்டிகை, சாதாரணம் என்பதெல்லாம் விதிகளின் வகை. ரத்து விதி என்ன செய்யும் என்பதை மேலேயே நாலு வரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினான். எப்போது கூப்பிட்டாலும் எக்ஸப்ஷன் எறியாது. திருப்பித் தரும் தொகை பூஜ்யத்துக்குக் குறையாது, கொடுத்த கட்டணத்தைத் தாண்டாது. ரத்து செய்தது யார் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். நிறுவனம் ரத்து செய்தால் முழுத் தொகை. இந்த நாலையும் சோதிக்கும் டெஸ்ட்டை ஒரே ஒருமுறை எழுதி, எல்லா விதிகளையும் அதே டெஸ்ட் வழியாக அனுப்பினோம். பண்டிகை விதி முதல் ஓட்டத்தில் தோற்றது.

'அப்ப இது மரபுரிமம் இல்லைங்களா?' என்று கேட்டான். விதிகள் எல்லாம் ஓர் இன்டர்ஃபேஸின் கீழ் வருகின்றன, சொத்து எதுவும் கைமாறவில்லை, வாக்கு மட்டும் கைமாறுகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த நாலு வரிக்கு மேலே தலைப்பாக என்ன போடுவது என்று கேட்டான். அவனே 'ஒப்பந்தம்' என்று போட்டுக்கொண்டான்.

பழைய மென்பொருளில் டிக்கெட்டுக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். குழு முன்பதிவு, மாதாந்திரப் பாஸ், ஏஜென்ட் டிக்கெட். ஏஜென்ட் டிக்கெட் எங்கெங்கே கூப்பிடப்படுகிறது என்று பையன் எண்ண ஆரம்பித்து நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டான். தீபாவளிக் கூட்டம் முடிந்தபிறகு அதைத் தொடலாம் என்று இருக்கிறோம்.